எரிமலையின் காலடியில் ஒரு பகல்: ரீயூனியன் தீவின் லாவா சாலையில் தனியாகப் போக முழு வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் போய்வந்தவர்கள் முதலில் எரிமலை உச்சிக்கு ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். பித்தோன் த லா ஃபூர்நேஸ், 2,632 மீட்டர். நல்ல கதைதான். ஆனால் கையில் ஒரே ஒரு நாள், கூடவும் ஆளில்லை என்றால் உச்சி வேண்டாம். காலை ஒன்பதுக்கெல்லாம் மேகம் மூடிவிட்டால் அத்தனை ஏறியும் வெள்ளைத் திரைதான் மிச்சம். கீழே, கடலோரம் போங்கள். மலை கக்கியதெல்லாம் கடைசியில் வந்து சேர்வது அங்கேதான். 1977, 1986, 2004, 2007 என்று வருடவாரியாக எரிமலைக் குழம்பு, அதாவது லாவா, உறைந்து கிடக்கும். ஊடே தார்ச்சாலை ஓடும். எந்த ஆண்டின் பாறை மேல் நிற்கிறோம் என்று பல இடங்களில் பலகையே சொல்லிவிடும்.

மலையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வழி தானாகப் புரியும். உச்சியைச் சுற்றிக் குதிரை லாடம் போல ஒரு பெரிய மதில். கிழக்குப் பக்கம் மட்டும் மதில் இல்லாமல் கடலை நோக்கித் திறந்திருக்கும். குழம்பு பெரும்பாலும் அந்தத் திறப்பின் வழியாகத்தான் சரிந்து வரும். அந்தச் சரிவுக்குக் கிரான் ப்ரூலே என்று பெயர், எரிந்துபோன பெருநிலம் என்று பொருள். அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை. வடக்கே சேந்த்-ரோஸ், தெற்கே சேன்-ஃபிலிப் என்ற இரண்டு ஊர்களையும் இணைக்கும் என்2 சாலை அதைக் குறுக்கே கடக்கிறது. நம் பயணம் அந்தச் சாலையில்தான்.

கிளம்புமுன்

விசாவில் பலர் ஏமாறுவார்கள். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், செலவுக்கு யூரோதான். ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வராது. பாரிசுக்கு வாங்கிய விசா இங்கே தானாகச் செல்லாது. பொதுவாக, ரீயூனியனுக்கும் செல்லும் என்று விசாவில் குறித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மே முதல் நவம்பர் வரை போகலாம். டிசம்பருக்குப் பிறகு மழை, புயல். இந்தக் கிழக்குச் சரிவின் மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: 1966 ஜனவரியில் எரிமலைக்கு அருகே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது, அது உலக சாதனை. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். நல்ல பருவத்திலும் இங்கே பிற்பகலில் தூறும். மழைக்கோட்டு பையிலேயே இருக்கட்டும்.

வாடகைக் கார் எடுப்பது நல்லது. மஞ்சள் நிறப் பேருந்துகள் இந்தக் கடற்கரை வழியாக ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும், ஒரு பகலுக்குள் ஏழெட்டு இடத்தில் இறங்கி ஏற முடியாது. வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். தானியங்கி கியர் வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள். தனியாகப் போவதால் இன்னொன்று: இறங்கும் இடத்திலெல்லாம் பையை சீட்டின் மேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

முந்தின இரவு கிழக்குக் கரையிலுள்ள சேன்-பெனுவாவில் தங்கி, மறுநாள் இரவு தென்மேற்கிலுள்ள சேன்-பியேரில் தங்குவது போலத் திட்டமிடுங்கள். தூரம் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. காலை வெயில் கிழக்குக் கரையில் விழும், மதியச் சாப்பாட்டு வேளைக்கு உணவகங்கள் உள்ள இடத்தில் இருப்போம், மாலையில் மழை குறைந்த தென்மேற்கை நெருங்கிவிடுவோம். எதிர்த்திசையில் போனால் இந்த மூன்றுமே தலைகீழ்.

முக்கியமானதைக் கடைசியில் வைத்தேன். புறப்படும் அன்று காலையில் எரிமலைச் செய்தியைப் பாருங்கள். 1977இல் ஊருக்குள் குழம்பு வந்த பிறகு, 1979இல் மலைமேல் ஒரு கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். நிலநடுக்கங்களையும் தரை உப்புவதையும் பார்த்து அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நிர்வாகம் அதற்கேற்ப எச்சரிக்கைப் படிநிலையை அறிவிக்கும். குழம்பு சாலையை நோக்கி வந்தால் சாலை மூடப்படும். கடலில் விழுந்துகொண்டிருந்தால் அருகே போகவே கூடாது. கொதிக்கும் பாறை உப்புநீரைத் தொடும்போது எழும் வெண்புகை வெறும் ஆவியல்ல, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்திருக்கும்.

காலணி தடித்த அடியுடையதாக இருக்க வேண்டும். லாவாவின் மேல்தோல் உடைந்த கண்ணாடி மாதிரி. நான் பழைய ஓட்டக் காலணியோடு போய், பத்தரை மணிக்கே இடது அடிப்பகுதி வாயைப் பிளந்துவிட்டது. மழைக்கோட்டின் நாடாவை உருவிக் கட்டிக்கொண்டுதான் மிச்ச நாளை ஓட்டினேன். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, இணையமில்லாமல் திறக்கும் வரைபடம். எங்கெங்கே போகிறீர்கள் என்று தங்குமிடத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அவசர எண் 112.

காலை ஆறு: ரொட்டிக்குள் வடை

சேன்-பெனுவாவில் கடை திறந்ததும் இரண்டு பொருள் வாங்குங்கள்: வெண்ணெய் தடவிய நீள ரொட்டி, ஒரு பொட்டலம் போன்போன் பிமான். மிளகாய் மிட்டாய் என்று பொருள்படும் பெயர். கையில் வாங்கினால் வடை. உளுந்து இல்லை, பெரிய வெள்ளை மொச்சை போன்ற ஒரு பயறு. மிளகாய், இஞ்சி, வெங்காயத்தாள் சேர்த்து அரைத்து, நடுவில் ஓட்டை போட்டுப் பொரித்தது. கால்வாசி அளவு மெதுவடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் அதை ரொட்டிக்குள் திணித்துச் சாப்பிடுகிறார்கள். முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. வெண்ணெயும் மிளகாயும் சேர்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வடை இங்கே வந்த கதை எளிது. 1848 டிசம்பர் 20இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது புதுச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களை ஏற்றிவந்தார்கள். பெரும்பாலோர் தமிழர், ஏறியதும் சோழமண்டலக் கரையில். ஆனாலும் எதிர்ப்பக்கத்து மலபார் கரையின் பெயரால் இவர்களுக்கு மல்பார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரையே மாறிப்போன அந்தப் பெயரைத்தான் இன்றும் தங்கள் பெயராகச் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ் பேசுகிறவர் மிகக் குறைவு. ஆனால் அடுப்படியில் சொற்கள் பிழைத்துக் கிடக்கின்றன; அதை மதியம் பார்ப்போம்.

ஏழேகால்: வாசலோடு நின்ற குழம்பு

தெற்கே போகும் வழியில் கிழக்கு ஆற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கட்டிய பழைய தொங்கு பாலம் வரும். ஐந்து நிமிடம் போதும். நேராகப் பித்தோன்-சேந்த்-ரோஸுக்குப் போய் லாவா மாதா கோயில் முன் வண்டியை நிறுத்துங்கள்.

1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான லாடத்துக்கு வெளியே பிளந்துகொண்டு இந்த ஊருக்குள் இறங்கியது. ஊரைக் காலி செய்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை; வீடுகள் போயின. கோயில் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அருள் என்பார் அருள் என்பார்கள், தரையின் மேடுபள்ளம் என்பார் அப்படிச் சொல்வார்கள். நீங்கள் சுவருக்கும் லாவாவுக்கும் நடுவே போய் நில்லுங்கள். ஒரு பக்கம் கோயில் சுவர், மறுபக்கம் கறுப்புப் பாறை, இடையில் கை நீட்டினால் இரண்டையும் தொடலாம். இங்கே பாறையின் மேல் இப்போது பெரணி, புதர், ஆங்காங்கே மரம். ஏறத்தாழ ஐம்பது வருடத்தில் லாவா இவ்வளவு பச்சையாகும் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நான்கு மணி நேரத்துக்கு இதுதான் அளவுகோல்.

அங்கிருந்து சில நிமிடத்தில் அருவிக் குடா. பனை இனத் தோப்பு, நாட்டு வாதுமை மரங்கள், கரையேற்றிய மீன்பிடிப் படகுகள், பின்னால் பாறைச் சுவரில் வழியும் அருவிகள். மிச்சமிருக்கும் ரொட்டியை இங்கே முடித்துவிடலாம். குளிக்க வேண்டாம்.

ஒன்பது மணி: கிரான் ப்ரூலே

புவா-பிளான் ஊரைத் தாண்டியதும் சாலை சட்டென்று இறங்கும். லாடத்தின் வடக்கு மதிலிலிருந்து இறங்குகிறீர்கள். காடு, காடு, காடு, பிறகு ஒரு வளைவில் எல்லாம் அறுந்து கறுப்பு. வலப்பக்கம் மலைவரை கறுப்பு, இடப்பக்கம் கடல்வரை கறுப்பு.

இங்கே ஒரே மூச்சில் ஓட்டிப் போய்விடாதீர்கள். குறைந்தது மூன்று இடத்தில் நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் வேறு ஆண்டின் ஓட்டமாக இருக்கட்டும். அடிக்கடி சாலையை அறுத்துப் போட்டதால், பழைய ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே புதியது கிடக்கும். நிறுத்துமிடம் உள்ள இடத்தில் மட்டும் ஒதுங்குங்கள். சாலையோரம் அரைகுறையாக நிறுத்தினால் பின்னால் வரும் கரும்பு லாரிக்கு வழியிருக்காது.

பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது, லாவாவின் வடிவம். கயிறு திரித்துப் போட்டது போல மடிப்பு மடிப்பாக இருந்தால், அது இளகிய நிலையில் மெதுவாக ஓடி, தோல் மட்டும் உறைந்து, அடியில் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தபோது சுருங்கியது. ஆறிய பாலில் ஆடையை விரலால் தள்ளினால் வருமே, அதே மடிப்பு. கரியும் கசடுமாக, கால் வைக்க முடியாதபடி நொறுங்கிக் கிடந்தால், அது வேகமாகவோ கெட்டியாகவோ வந்து உடைந்துகொண்டே ஓடியது. இந்த இரண்டாவதற்கு இங்கே கிராத்தோன் என்று பெயர். பன்றிக் கொழுப்பை முறுகப் பொரித்த தீனிக்கும் அதே பெயர். பார்த்தால் பெயர்ப்பொருத்தம் விளங்கிவிடும்.

இரண்டாவது, உயிர். புதுப் பாறையில் முதலில் வருவது சாம்பல் நிறத்தில் சிறு பவளம் போலப் படரும் ஒரு லைக்கன். நாம் குருமாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான்; பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் குடும்பம். தூரத்திலிருந்து பார்த்தால் சில ஓட்டங்கள் கறுப்பாக இல்லாமல் வெள்ளி போலத் தெரியும், அது இதன் வேலை. பிறகு விரிசல்களில் பெரணி, அப்புறம் புதர், அப்புறம் மரம். குனிந்து ஒரு விரிசலைப் பாருங்கள். ஒரு பெரணிக்குத் தேவைப்பட்ட மண் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.

கல் பொறுக்காதீர்கள். இங்கே பெரும்பகுதி தேசியப் பூங்கா; 2010 முதல் இந்தத் தீவின் மலையும் மதில்களும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

பத்து மணி: 2007

கிரான் ப்ரூலேயின் தெற்கு ஓரத்தில், லெ திரம்ப்ளே ஊருக்குச் சற்று முன், 2007ஆம் ஆண்டு ஓட்டம். அவசரப்பட வேண்டாம், இந்த நாளின் நடுநாயகம் இதுதான்.

ஏப்ரல் 2007இல் மலையின் தாழ்ந்த சரிவில் பிளவு திறந்தது. உள்ளிருந்த குழம்பு கீழே வடிந்துபோனதால் உச்சியிலிருந்த தோலோமியூ பள்ளத்தின் தரை பிடிப்பற்று 300 மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து விழுந்தது. மேலே மலை குழிந்தது, கீழே தீவு வளர்ந்தது: குழம்பு சாலையைப் புதைத்துக்கொண்டு கடலில் இறங்கிப் புதுநிலத்தை ஒட்டவைத்தது. ஆழ்கடல் மீன்கள் செத்து மேலே மிதந்தன. பிறகு ஆறியும் ஆறாத பாறையின் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். அதற்கப்புறமும் பல வருடம் மழை பெய்தால் இங்கே தரையிலிருந்து ஆவி எழும்பியது.

பாறையைக் கூர்ந்து பாருங்கள். வெயில் சரியாக விழுந்தால் கறுப்புக்குள் பாட்டில் கண்ணாடி நிறத்தில் பச்சைத் துணுக்குகள் மின்னும். ஒலிவின் என்ற கனிமம். மற்றதைவிடக் கனமானது, அலை பாறையை அரைக்கும்போது இது அடியில் தங்கிவிடும். திரம்ப்ளே கரை மணலில் பச்சை ஓடுவது அதனால்தான். கடற்கரைக்கு இறங்கும் பாதை செங்குத்து. மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால் விட்டுவிடுங்கள், தனியாக வந்தவருக்கு அங்கே வழுக்கினால் பார்க்க ஆளில்லை.

லாவாக் குழாய்களுக்குள் நுழைந்து பார்க்கும் பயணமும் இந்தப் பக்கம் உண்டு. மேல்தோல் உறைந்து, உள்ளே ஓடியது வடிந்துபோனதும் மிஞ்சும் குகைகள் அவை. வழிகாட்டி இல்லாமல் கூடாது. ஒற்றை ஆளை ஏதாவது குழுவோடு சேர்த்துவிடுவார்கள், முன்பதிவு வேண்டும். அரை நாள் போய்விடும் என்பதால் இந்தத் திட்டத்தில் நான் சேர்க்கவில்லை.

பதினொன்று: அரபுக் கிணறும் மேசை முனையும்

லாடத்தின் தெற்கு மதிலை ஏறித் தாண்டினால் மறுபடியும் வீடுகள், வாழை, வனிலாக் கொடி. சாலையோரத்தில் சிவப்புச் சாயம் பூசிய குட்டி மாடங்கள் தென்படும். புனித எக்ஸ்பெதிக்கு வைத்தவை. காரியம் சீக்கிரம் முடிய வேண்டுவார்கள். மல்பார் வீட்டாரும் அங்கே விளக்கேற்றுவதுண்டு.

சேன்-ஃபிலிப்புக்கு முன் அரபுக் கிணறு என்ற பலகையைப் பார்த்து இடப்பக்கம் கடலை நோக்கித் திரும்புங்கள். பாறையில் வெட்டிய பழைய கிணறு. அதைவிடப் பக்கத்தில் தொடங்கும் நடைபாதைதான் முக்கியம். 1986 மார்ச்சில் லாடத்துக்கு வெளியே வந்த குழம்பு கடலில் இறங்கி உருவாக்கிய மேசை முனைக்கு அது கூட்டிப்போகும். ஒரு மணி நேரம் போதும். வெள்ளைக் குறிகளை விட்டு விலகாதீர்கள். கடல் பக்கம் பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே வரை வருகிறது என்று பொருள். பத்து நிமிடமாக வரவில்லையே என்பது கணக்கல்ல.

பாதைமுழுக்கத் தாழை. இங்கே வகோவா என்பார்கள், நம் ஊர்த் தாழையின் நெருங்கிய உறவு, ஆனால் நிமிர்ந்து மரமாக நிற்கும். ஓலையில் ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டைக்குச் சாக்கு முடைந்தார்கள். இன்று தொப்பி, கூடை, முதுகில் மாட்டும் பெர்த்தெல் பை.

பன்னிரண்டரை: தட்டு

நேரத்தைக் கவனியுங்கள். இங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டுவரைதான். முதல் தடவை இரண்டேகாலுக்கு ஓர் உணவகத்தில் போய் நின்றேன். அடுப்பு அணைத்தாயிற்று என்று கைவிரித்தார்கள். அன்றைய சாப்பாடு நாலு வாழைப்பழம்.

சேன்-ஃபிலிப்பைத் தாண்டி காப் மெஷானில் உணவகங்கள் இருக்கின்றன. பொல்லாத முனை என்று பொருள். பாறை விளிம்பில் மோதும் அலையைப் பார்த்தால் பெயர் சரிதான். தனியாளுக்கு மேசை பிடித்து உட்காரத் தயக்கமென்றால் சாலையோரக் கடையில் பார்க்கெத் கேளுங்கள். சோறு, கறி, பயறு, கீரை எல்லாம் அடைத்த டப்பா. பத்து யூரோவை ஒட்டி முடியும். தாழை நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம், நான் அதைத்தான் சொல்வேன்.

பட்டியலைப் படிக்க அகராதி வேண்டாம். காரி என்றால் கறி: வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, மஞ்சள், கூடவே தைம் இலை. இவர்கள் சஃப்ரான் என்பது குங்குமப்பூ அல்ல, மஞ்சள்தான். கப்ரி மசாலே ஆட்டுக்கறி, மல்பார் வீட்டுக் கைப்பக்குவம். அதில் மிதக்கும் இலையைக் கேட்டால் கலுப்பிலே என்பார்கள். கறிவேப்பிலையை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முருங் என்றால் முருங்கைக்கீரை. பிப்பங்காய் என்று ஒன்று கூடையில் இருக்கும், அது பீர்க்கங்காய். ருகாய் என்பது ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு: தட்டோரம் வைக்கும் தக்காளி, மாங்காய்ப் பச்சடியும் ருகாய்தான், தொத்திறைச்சிக் குழம்பும் ருகாய்தான். பின்னது பன்றி.

சைவக்காரர்கள் பயறும் கீரையும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பயற்றில் புகைபோட்ட பன்றித்துண்டு சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். கரேம் என்ற சொல் உதவும். கிறிஸ்தவத் தவக்காலத்தின் பெயர் அது. இங்கே மல்பார் மக்கள் கோயில் விரதத்துக்கும், அப்போது மாமிசத்தை விலக்குவதற்கும் அதையே சொல்கிறார்கள். கடைக்காரருக்குப் புரியும். கிடைத்தால் பிம்பினும் கேளுங்கள், தாழையின் இளங்காய். சேன்-ஃபிலிப் பக்கத்து அயிட்டம். கூனைப்பூவுக்கும் (ஆர்ட்டிசோக்) பலாப்பிஞ்சுக்கும் நடுவே ஒரு ருசி.

பிற்பகல்: வனிலா, பிறகு தண்ணீர்

மழை தூற ஆரம்பித்தால் சரியான நேரம், வனிலாத் தோட்டம் பார்க்கப் போகலாம். மெக்சிகோவிலிருந்து வந்த கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை. அங்கே மகரந்தம் சேர்த்த தேனீ இங்கே இல்லை. 1841இல் சேந்த்-சூசானில் எட்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியால் பூவின் நடுச்சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி, அதைச் செய்துகாட்டினான். இன்றும் அதே சைகைதான், பூ விரிந்த அன்று காலையிலேயே, ஒவ்வொரு பூவுக்கும். விலை ஏன் அவ்வளவு என்பது அப்போது விளங்கும். வாங்குவதாக இருந்தால் விரலில் சுற்றிப் பாருங்கள். நல்ல காய் ஒடியாது, வளையும்.

நாள்முழுக்கக் கடலோரம் நடந்தும் கால் நனைக்க முடியவில்லையே என்ற குறை தீர மனாபனி. சேன்-ஜோசஃபைத் தாண்டி ஒரு சிறு குடா. பாறைகளுக்கு இடையே கல் அடுக்கி அடைத்த குளம், அலை வெளியே மோதும், உள்ளே தண்ணீர் அலம்பும். 2011 முதல் நடந்த சுறாத் தாக்குதல்களால், 2013இலிருந்து அடைப்பும் காவலும் இல்லாத கடலில் இறங்கத் தடை உண்டு. ஆகவே குளம் மட்டும், அலை பெரிதென்றால் அதுவும் இல்லை. கரையில் தாழை மடல்களுக்குள் பச்சையும் சிவப்புமாக ஒரு குட்டிப் பல்லி ஓடும். இந்தத் தென்கரையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. தொட வேண்டாம், ஓலை அசைவதை வைத்துப் பொறுமையாகத் தேடுங்கள்.

ஜூன், ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். அதற்குள் சேன்-பியேர் போய்ச் சேர்ந்தால் கடற்கரையோரம் தீனி வண்டிகள் விளக்குப் போட்டிருக்கும். சீனர்கள் கொண்டுவந்த பூஷோன், ஆவியில் வெந்த பன்றி உருண்டை; குஜராத்தி முஸ்லிம்கள் கொண்டுவந்த சமுசா. சீஸ், மீன், கோழி என்று கலந்து அரை டஜன் கேட்டால் காகிதப் பையில் சுடச்சுடப் போட்டுத் தருவார்கள். மிளகாய் விழுது போடட்டுமா என்று நம்மைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். போடச் சொல்லுங்கள், ஆனால் ஓரமாக.